வெளியே கேட்காத ரகம்

இயர்போன் பெட்டியில் விலை ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. நகத்தால் மூலையைக் கிளப்பிப் பார்த்தேன், வரவில்லை. "அது கம்பெனி ஸ்டிக்கரும்மா, பிச்சிராதீங்க" என்றாள் கடைக்காரி. கம்பெனிக்காரன் எதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிறான் என்று கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். நாற்பது வயது இருக்கும், படிய வாரிய தலை, கழுத்தில் மெல்லிய சிலுவை. பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ரெஜினாக்கா என்று கூப்பிட்டு ஏதோ சாவியை வாங்கிக்கொண்டு போனார். பொய் சொல்கிறவள் முகமாக இல்லை, அதுதான் எனக்கு இடித்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு எதிரில் இத்தனை கடைகளுக்கு நடுவில் பொய் சொல்லாமல் ஒருத்தி எப்படிக் கடை நடத்துவாள்? பதினொரு மணி வெயிலில் ஆறு கடை ஏறி இறங்கி ஏழாவதாக இங்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு கடையிலும் ஒரே பல்லவி, பாஸ் நல்லா இருக்கும், பாட்டு அதிரும். பாட்டு யாருக்கு வேண்டும். "காதுக்குள்ள போற ரகமா இருக்கணும், வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது, ரொம்ப விலையில வேணாம், தெனமும் போட்டுக் கேக்கத் தாங்குனாப் போதும்." இது என் வார்த்தை இல்லை. வீட்டில் இருக்கிற மனுஷன் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னது. அப்படியே ரெஜினாவிடம் ஒப்பித்தேன். வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் சட்னி ஊற்றுகிற சாக்கில் முகத்தைப் பார்த்தேன், கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன தெரியும். சரி வாங்கிட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னேன். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஊரெல்லாம் அவரைக் குருநாதன் கம்பவுண்டர் என்பார்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அவருக்குப் போன்தான் மாடு, விடிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆட்டுச் சந்தை வீடியோ, ராசி பலன், அரசியல் சண்டை, எல்லாம் முழுச் சத்தத்தில். தெரு முனைப் பால்காரர் வரைக்கும் கேட்கும். கொஞ்சம் குறைச்சு வைங்களேன் என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். "மடியில கனமில்ல, சத்தமா கேட்டா என்ன?" என்பார். அதே ஆள் இப்போது பொட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்கிறார் என்றால் மடியில் என்னவோ ஏறியிருக்கிறது. முதலில் பொம்பளையாக இருக்குமோ என்று நினைத்தேன், அறுபத்தாறு வயசில் வயிற்றுப்போக்கு வந்தாலே தாங்காத மனுஷன், சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யாராவது சாமியார் காதில் ஓதுகிறானோ. ஆட்டுப் பண்ணை போடலாம் வாங்க என்று ஆசை காட்டுகிறானோ. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தேன். எடுக்காமல் விட்டது ஒன்றுதான், அது முதலிலிருந்தே எதிரில் நின்றது, அதன் பேரை எடுக்கத்தான் மனசு வரவில்லை. கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆகிறது. வலது கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறது, இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது, ஒரு மாசம் போனை உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் பச்சை பிளாஸ்டிக் கண்ணாடி கொடுத்தார்கள், இவருக்கு மட்டும் தோல் உறையில் அருமையான கறுப்புக் கண்ணாடி எங்கிருந்து வந்தது? கேட்டதற்கு, அங்கேயே கொடுத்தாங்க என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதாவது, இவர் தட்டில் சோறே இல்லாமல் மறைக்கிறார். போன் இப்போது தலையணைக்கு அடியில் கிடக்கிறது. காலையில் பத்தரை வாக்கில் ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை உறுமும். உடனே என்னைப் பார்த்து, "கொல்லையில துணி காஞ்சிருச்சா பாரு" என்பார். நானும் போவேன். காயாத துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"உங்க போன்ல ரவுண்டு பின்னாம்மா, சி டைப்பா?" என்று ரெஜினா கேட்டாள். ரவுண்டு என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போயிருந்தபோது போனைத் திருப்பிப் பார்த்து வைத்திருந்தேன். ஓட்டையைத்தான் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் சரி, ஒன்பது புள்ளி வந்து கோடு போடு என்றது. பூட்டே இல்லாத போன். எப்போது பூட்டினார்? எனக்குப் பயந்து பூட்டினாரென்றால் நான் அவ்வளவு கேவலமானவளா, என்று கோபம் வந்தது, கையில் அவர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே. ரெஜினா மூன்று ரகத்தைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தாள். ஒன்று வயர் இல்லாதது, சின்னப் பெட்டிக்குள் இரண்டு மொச்சைக்கொட்டை உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று துணி சுற்றிய வயர். மூன்றாவது கொக்கியில் சரமாகத் தொங்குகிற வகை, அதை எடுத்து வைக்கும்போதே அவள் முகம் சுளித்தது. நான் முதல் பெட்டியின் உறையைத் தடவினேன், ஓரத்தில் பிசின் திரும்ப ஒட்டியது போல இருந்தது. யார் காதில் போய்விட்டு வந்ததோ. வாரண்டி சீட்டில் முத்திரை இல்லை. "இப்பப் போட்டுத் தர்றேம்மா, வாங்குன பெறகுதான் போடுவோம்" என்றாள். இருக்கலாம். எனக்கு யாரையும் நம்ப வரவில்லை என்றால் அதற்குக் காரணம் என் உத்தியோகம். இருபத்திரண்டு வயதில், வெளியூர்ப் போன் லைனைக் கையால் சேர்த்துவிடுகிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்தேன். கிழங்கு மாதிரி கனக்கிற ஹெட்செட், காது மடல் சிவந்துவிடும். லைனைச் சேர்த்துவிட்டதும் சாவியை மேலே தள்ளிவிட வேண்டும், கேட்கக் கூடாது, அதுதான் விதி. வரிசையில் பதினோரு பேர் இருந்தோம், தள்ளினவள் ஒருத்தியும் இல்லை. மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டவா என்று கேட்கக் குறுக்கே போக வேண்டுமே, அதற்குள் முக்கால் கதை காதில் விழுந்துவிடும். ஆபீஸில் இருக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறவனின் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். பணம் இல்லை என்கிறவன் வீட்டில் பட்சணம் பொரிகிற சத்தம் கேட்கும். சொல்கிற வார்த்தையைவிடப் பின்னால் கிடக்கிற சத்தத்தைத்தான் நாங்கள் நம்புவோம். இருமலை வைத்து ஊரைச் சொல்வேன் என்று கூட இருந்தவர்கள் கேலி பண்ணுவார்கள்.

அந்தக் காதுதான் போன வியாழக்கிழமை என்னைக் கைவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன், அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். போன் உறுமியது. கண் தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டார் போல, முழுச் சத்தத்தில் ஒரு குரல், "அப்பா". அவ்வளவுதான். உடனே அமுக்கி அணைத்துவிட்டார். அரை நொடி இருக்குமா? கையில் கரண்டி அப்படியே நின்றது. நான்கு வருஷமாகக் கேட்காத குரல், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நொடி அதிகம். சாருமதி. என் மகள். நான் பெற்ற ஒன்றே ஒன்று. ஆனால் அந்த அப்பாவுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கிடந்தது, மெலிசாக, சிணுங்கல் மாதிரி. குழந்தையா? பூனையா? குக்கர் விசில் அடிக்கப் போகும் முன்னால் ஒரு முனகல் வருமே, அதுவா? அன்றிலிருந்து அந்த அரை நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறேன். துவைக்கும்போது குழந்தை என்று படுகிறது. காய் நறுக்கும்போது பூனை என்று படுகிறது. சாருவுக்குப் பூனை ஆகாது, தும்மல் வரும். ஆனால் அவனுக்குப் பிடிக்குமோ என்னவோ, ஆல்வினுக்கு. அவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெயர் தெரியும், வேறு சாதி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்று தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவள், மகள் கட்டிக்கொண்டவன் நல்லவனா கெட்டவனா என்று ஒரு ஆளிடம்கூட விசாரிக்கவில்லை. முப்பத்து மூன்று வயது அவளுக்கு. குழந்தை என்றால் எத்தனை மாசம்? சிணுங்கலை வைத்துப் பார்த்தால் தவழ்கிற வயசு. பிரசவத்துக்கு யார் இருந்தார்கள்? குழந்தையை யார் காலில் போட்டுக் குளிப்பாட்டினார்கள்? இவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு என் கையால் இட்லி தின்றுகொண்டு இருந்திருக்கிறார், கல்லுளிமங்கன். ஆபரேஷனுக்கு முன்னால் தினமும் அரை மணி மாடிப்படியில் போய் உட்காருவார், போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார், நான் ஆட்டுக்குட்டி வீடியோ என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுகிற போன் அந்த அரை மணி மட்டும் ஊமையாக இருந்ததே, அப்போதே என் மூக்கில் வியர்த்திருக்க வேண்டாமா? அவள் சேதி எழுத்தாகவும் படமாகவும் வந்திருக்கிறது, அந்தக் கறுப்புக் கண்ணாடியும் அவள் அனுப்பியதாகத்தான் இருக்கும். இப்போது படிக்க முடியாது, அதனால் அவள் பேசி அனுப்புகிறாள். அதற்குத்தான் இயர்போன். அதையும் வாங்கிவரச் சொல்லி என்னையே அனுப்புகிறார், தைரியத்தைப் பாருங்கள்.

"ஒரு தடவ காதுல வச்சுப் பாருங்கம்மா" என்று ரெஜினா மொச்சைக்கொட்டையை நீட்டினாள். எனக்கு வேண்டாம், நீ மாட்டிக்கொள் என்றேன். "நானா?" ஆமாம், நீ மாட்டிக்கிட்டு அந்தக் கடைசி ஸ்டூலில் உட்காரு, நான் இங்கேயிருந்து கேட்கிறேன். கட்டிலுக்கும் என் நாற்காலிக்கும் அவ்வளவு தூரம்தான். "பாட்டு வேணாம்மா, யாராச்சும் பேசுறதாப் போடு." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், சந்தேகப்படுகிற பொம்பளை என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும், உள்ளதுதானே. தன் போனைத் தேடி எதையோ போட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. வெளியே மதுரை வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம்தான் வந்தது. துணி வயரை மாட்டினாள், மறுபடியும் அதே சிரிப்பு, எனக்கு மறுபடியும் ஒன்றுமில்லை. "பாத்தீங்களா, கிணத்துல கல்லுப் போட்ட மாதிரி, பொட்டுச் சத்தம் வெளிய வராது. உங்க வீட்டுக்காரரு கேட்டது இதுதாம்மா, இதைவிடக் கம்மி விலையில இப்படி வராது" என்றாள். வராதுதான். இதை வாங்கிக் கொடுத்தால் பத்தரைக்கும் நாலு மணிக்கும் அவர் என் கண் முன்னால் கட்டிலில் சாய்ந்து கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டு இருப்பார், நான் இரண்டு முழத்தில் உட்கார்ந்து ஊமைப் படம் பார்க்க வேண்டும். துணி காய்ந்ததா என்று கொல்லைக்கு அனுப்பக்கூட மாட்டார். வாங்காமல் போய்விட்டால்? கடையில் இல்லை என்று சொல்லிவிட்டால்? வேறு யாரிடமாவது சொல்லி வாங்கிவிடுவார். நேரே கேட்டுவிட்டால்? எப்படிக் கேட்பேன். அவளைத் தலைமுழுகினவள் நான். சும்மா பேச்சுக்கு இல்லை, ஆடிச் செவ்வாய்க்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மாலையோடு நிற்கிற போட்டோ வந்த அன்றைக்கு, செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி தலையில் மூன்று வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு கூடத்தில் வந்து நின்றேன். எனக்குப் பிள்ளை இல்லை என்றேன். ஒரு வாரம் சளியும் காய்ச்சலும் படுத்தியெடுத்தது, அதற்கும் அவளைத்தான் திட்டினேன். உயிரோடு இருக்கிறவள் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள், கூடட்டும் என்று எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவரிடம் என்ன சொன்னேன்? நன்றாக ஞாபகம் இருக்கிறது, விரலை நீட்டிச் சொன்னேன். "அவ பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது. அவ சத்தம் கேக்கக் கூடாது." அவர் தலையை ஆட்டினார்.

கேட்கக் கூடாது என்று சொன்னது நான்தான். கடையில் உட்கார்ந்துகொண்டு இப்போதுதான் அது உறைக்கிறது. காலையில் அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னதும் அதே வார்த்தைதானே. அந்த மனுஷன் என்னை ஏமாற்றவில்லை. என் உத்தரவை நான்கு வருஷமாக மீறாமல் நடக்கப் பார்க்கிறார், கண் தெரியாமல் போனதும் அதற்கு ஒரு சாமான் தேவைப்படுகிறது, அதை வாங்கிவரச் சொல்கிறார். மகளோடு பேசாமல் இருக்கவும் முடியவில்லை, என் வாக்கைத் தட்டவும் முடியவில்லை. மாடிப்படியில் போய்த் தனியாகச் சிரித்தது என்னை விட்டுவிட்டுச் சிரிப்பதற்காக இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஒரு இயர்போன் கடையில் உட்கார்ந்து அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சினேன். சும்மா இருக்குமா புத்தி, உடனே அடுத்ததைக் கிளப்பியது. அப்படியே இருந்தாலும் என்னை ஏன் அனுப்பினார்? எனக்குத் தெரியட்டும் என்றே அனுப்பினாரா? வியாழக்கிழமை அது கை தவறி அமுக்கியதுதானா? இருக்கும், இல்லாமலும் இருக்கும், மாட்டுக்குத் தெரியாமல் ஊசி போட்டுப் பழகிய கை அது. எதுவானால் என்ன. நேரே போய், போடுங்க நானும் கேக்கிறேன் என்று சொல்ல என் நாக்கு வளையாது, அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பெற்ற வயிறு எரிந்தாலும் வாய் திறக்காத ஜாதி நான். ஆனால் அந்தச் சிணுங்கல் குழந்தையா பூனையா என்று தெரியாமல் இன்னொரு நாள் என்னால் துணியைத் தொட்டுக்கொண்டு நிற்க முடியாது. "அந்த மூணாவதப் போடு" என்றேன்.

"அது வேணாம்மா" என்றாள் ரெஜினா. "அது நானே யாருக்கும் காட்டுறதில்ல, மட்டச் சாமான், ஓரமெல்லாம் ஓட்டை. வேற வாங்க முடியாதவுங்க கேட்டாத்தான் குடுப்பேன்." போடு என்றேன். கொக்கியிலிருந்து ஒன்றை உருவி, சிக்கலை உதறி, மாட்டிக்கொண்டு அதே பேச்சை மறுபடி போட்டாள். மதுரை வண்டி போய்விட்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்செட்டில் தூரத்து லைன் வருகிற மாதிரி, சன்னமாக, ஆனால் எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக ஒரு கிழட்டுக் குரல் வந்தது. "ஏ ரெஜினா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நேரா இங்க வந்துரு. பிள்ளைகளையும் கூட்டியா. கோழி அடிக்கிறேன்." பின்னால் ஒரு ஆடு கத்தியது, அதுகூடத் தெரிந்தது. "உங்க அம்மாவா?" என்றேன். ரெஜினா திடுக்கிட்டு இயர்போனைக் கழற்றினாள். "ஐயோ, உங்களுக்குக் கேட்டுச்சா? அதாம்மா சொன்னேன், இது போட்டா எல்லாம் வெளிய தெரிஞ்சிரும், ஒரு ரகசியம் பேச முடியாது. வீட்டுக்காரரு உங்களத்தான் திட்டுவாரு." ஞாயிற்றுக்கிழமை போவாயா என்று கேட்டேன். "போகாம? எங்கம்மா கூப்பிட்டு நான் போகாம இருப்பேனா?" என்றாள். நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டேன். பிறகு இதையே கொடு என்றேன்.

அவள் நம்பவில்லை. நல்லதாகவே எடுத்துக்குங்க, விலை கொறச்சுத் தர்றேன் என்றாள். நான் அசையவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு அதைக் கவரில் போடப் போனவள், மனசு கேட்காமல் இழுப்பறையைத் திறந்து மூன்று குட்டிப் பொட்டலங்களை எடுத்தாள். "சரி, ரப்பராச்சும் சரியாப் போட்டுத் தர்றேன். இதுல மூணு சைஸ் இருக்கு. காத நல்லா அடைச்சிருச்சுன்னா இதுலயும் சத்தம் பாதி வெளிய வராது. வீட்டுக்காரருக்குக் காது எப்படிம்மா, பெருசா, நடுத்தரமா?" குருநாதன் கம்பவுண்டருக்கு யானைக் காது. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு என் தங்கைகள் மூன்று பேரும் அதைச் சொல்லித்தான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சின்னக் காது" என்றேன். ரெஜினா என் முகத்தையே பார்த்தாள். "ரொம்பச் சின்னக் காதும்மா. இருக்கிறதுலயே சின்னதாப் பாத்து மாட்டிக் குடு."